ஜீப்புக்கு ஒரு டிரெய்லர்

ஜீப்பை விற்கக் கூடாது என்பதற்காகத்தான் அவள் அந்த டிரெய்லரை வாங்கினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் கட்டி இழுக்க ஒன்று முற்றத்தில் வந்து நின்றுவிட்டால், இழுக்கிற வண்டியை விற்க யாருக்கு மனசு வரும் என்பது அவள் போட்ட கணக்கு.

அவள் தார்ப்பாயும் வண்டிகளுக்கு சீட் உறையும் தைக்கிறவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சன்னலோரம் பெரிய தையல் மெஷின், சுவரோரம் ரெக்சின் சுருள்கள், நடுவில் துணி விரித்து வெட்ட வெறுந்தரை. அவள் கணவர் வாடகைக்கு ஜீப் ஓட்டியவர். சாலை அளக்க வருகிறவர்கள், குழாய்க்கிணறு போடுகிறவர்கள் என்று பலரையும் ஏற்றிக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றியவர். போன வருடம் அவருடைய ஒரு கண் மங்கத் தொடங்கி, வைத்தியத்துக்கும் கட்டுப்படாமல், ஒரேயடியாக அணைந்துபோனது. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டியவர்தான், அதன்பிறகு அந்தப் பக்கம் கையை நீட்டவில்லை.

நின்றுபோன ஜீப்புக்கு அவள் ஓர் உறை தைத்துப் போட்டாள். முன்பு ஓட்டுகிறவர் சீட்டுக்கும் அவள்தான் இரண்டு தடவை பஞ்சு மாற்றித் தைத்துக் கொடுத்திருந்தாள். உறையை இழுத்துக் கட்டியபோது நோயாளிக்குப் போர்த்திவிடுவது மாதிரி இருந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் "வித்துடலாம்" என்பார். அவள் "பாக்கலாம்" என்பாள். அதற்குமேல் பேச்சு நீளாது. கேட்டால் பதில் வரும், கேட்காததை யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. அந்த வீடு அப்படித்தான் பழகியிருந்தது. அதை அவள் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

தார்ப்பாய்க்குக் கொக்கி தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போன இடத்தில்தான் டிரெய்லர் கண்ணில் பட்டது. ராணுவத்தில் கழித்துக் கட்டி ஏலம் விட்ட சாமான்களோடு சாமானாக வந்தது. தொட்டி மாதிரி ஒரு பெட்டி, இரண்டு சக்கரம், முன்னால் ஜீப்பில் மாட்டுவதற்குக் கனத்த இரும்பு வளையம். டயர் இருந்த இடத்தில் ரப்பர்க் கந்தல் தொங்கியது. பெட்டிக்குள் ஒரு செடி முளைத்துப் பூவும் விட்டிருந்தது. கடைக்காரர் டிரெய்லரைத் துண்டாக வெட்டிப் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய லாரிக்கு ஒரு தார்ப்பாய் தைத்துத் தருவதாகச் சொல்லி, பதிலுக்கு அதைக் கேட்டாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, செடியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டில் இறக்கியபோது கணவர் அதை ஒருமுறை சுற்றி வந்தார். பார்வை உள்ள கண் முன்னால் வரும்படி தலையைச் சற்றுத் திருப்பிக்கொள்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

"எதுக்கு?"

"சாமான் ஏத்த ஆகும்."

'ம்' என்று சொல்லிவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கையில் அதிகம் காசு இல்லை என்பதால் வேலை நின்று நின்றுதான் நடந்தது. பகலில் தையல், வெயில் தாழ்ந்ததும் கம்பி பிரஷ். மேலே பச்சை, அதற்குக் கீழே மணல் நிறம், அதற்கும் கீழே இன்னொரு பச்சை என்று தோல் உரிந்துகொண்டே வந்தது. ராணுவ டிரெய்லருக்கு ஜீப் சக்கரமே பொருந்தும் என்பது பெரிய உதவியாகப் போனது. ஜீப்பிலிருந்து கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய சக்கரங்களை மாட்டியதும் அது எழுந்து நின்றது. வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர் ஒருவர் மிச்சமான டப்பாக்களைக் கொடுத்தார். எல்லாவற்றையும் கலந்தபோது பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம் கிடைத்தது. பச்சை என்றும் சொல்லலாம், சாம்பல் என்றும் சொல்லலாம்.

வெல்டிங் வேலைக்கு அவள் தம்பி விடுமுறை நாளில் வந்தான். அதுதான் அவன் தொழில். கூலி வேண்டாம், சாப்பாடு போட்டால் போதும் என்றான். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இரும்பைவிட துருதான்க்கா கெட்டியா இருக்கு" என்றான்.

அடித்தட்டில் இருந்த ஓட்டைகளையெல்லாம் அவள் முன்கூட்டியே சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். தையலில் அவளுக்கு அது கை வழக்கம். தார்ப்பாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், எங்கே புள்ளியாக வெளிச்சம் தெரிகிறதோ அங்கே வட்டம் போடுவாள், அப்புறம் ஒட்டுப் போடுவாள். ஓட்டை என்று ஒன்று இருந்தால் அடைக்க வேண்டும், அவ்வளவுதான். மூலைக்கு ஒன்றாக இருந்த ஓட்டைகளைப் பார்த்துத் தம்பி தயங்கினான். இதெல்லாம் காசு மாதிரி வட்டமாக இருக்கிறதே, விளிம்பு வேறு தடிப்பாக இருக்கிறதே என்றான். துரு வட்டமாகவும் தின்னும் என்றாள் அவள். படியில் உட்கார்ந்திருந்த அக்காள் கணவரைத் தம்பி ஒரு பார்வை பார்த்தான். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எல்லாவற்றையும் தகடு வைத்து அடைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

அந்த வாரமே மழை பிடித்தது. டிரெய்லர் நின்றது கூரைத் தண்ணீர் கொட்டுகிற இடத்தில். காலையில் கதவைத் திறந்தபோது பெட்டி நிறையத் தண்ணீர். சக்கரங்கள் பாரம் தாங்காமல் சேற்றில் அழுந்தியிருந்தன. உள்ளே ஒரு பிளாஸ்டிக் வாளி படகு மாதிரி நிதானமாகச் சுற்றி வந்தது. குளியலறை மக்கை எடுத்து வந்து மொண்டு வெளியே ஊற்றத் தொடங்கினாள். எத்தனை மொண்டாலும் அளவு குறைகிற மாதிரியே தெரியவில்லை.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இருமுகிறார் என்று நினைத்துத் திரும்பினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க.

"தண்ணி வடியறதுக்குன்னு வெச்ச ஓட்டைய அடைச்சுட்டு, இப்ப மக்கால மொண்டு ஊத்துறியா?"

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலியே."

கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்ற நினைப்பில் கோபம் வழியிலேயே கரைந்துபோனது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உளியும் சுத்தியலுமாக வண்டியின் அடியில் நுழைந்தார். அடைப்பான் வைத்து மூடினால் இது ஆற்றில் மிதக்கும், கரையேறியதும் கழற்றிவிட்டால் உள்ளே ஏறிய தண்ணீர் தானாக வடிந்துவிடும், அதற்குத்தான் அந்த ஓட்டைகள் என்று கீழேயிருந்து அவர் குரல் வந்தது. விரலால் தடவித் தடவி இடம் கண்டுபிடித்துத் துளை போட்டார். ஒவ்வொரு துளையாகத் திறக்க, தண்ணீர் அவர் சட்டையை நனைத்துக்கொண்டு இறங்கியது.

அதன்பிறகு டிரெய்லர் அவர் வசம் போய்விட்டது. சக்கரக் குடத்தைக் கழற்றி, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதிதாக கிரீஸ் அப்பினார். ஜீப் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, அதிலிருந்து பின் விளக்குக்கு வயர் இழுத்தார். பழைய டியூபை வெட்டி அடைப்பான் செய்தார். சாப்பாட்டு நேரத்தில் 'வித்துடலாம்' நின்று, ஸ்பிரிங் பட்டையும் போல்ட்டும் பேச்சுக்கு வந்தன. நகத்தில் கிரீஸோடு அவர் சோறு பிசைவதைப் பார்த்துக்கொண்டே அவள் தன் சாமர்த்தியத்தைத் தனக்குள் மெச்சிக்கொண்டாள். அவளும் மற்ற ஆர்டர்களில் விழுந்த துண்டுகளைச் சேர்த்து டிரெய்லருக்கு ஒரு மூடுதுணி தைக்க ஆரம்பித்தாள். ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

ஒரு நாள் காலை அவர் உற்சாகமாக வந்து, மறுநாள் ஒருவர் பார்க்க வருகிறார் என்றார். தேனீப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகிறவராம். ஜீப்பையும் டிரெய்லரையும் ஜோடியாகக் கேட்கிறாராம்.

"தனி ஜீப்புன்னா யாரு சீண்டுறா? டிரெய்லரோடன்னதும் ஆளு தேடி வர்றான். யோசிச்சுத்தானே வாங்கியிருக்க. கெட்டிக்காரிதான் நீ."

அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் துணியின் பாதியில் நின்றது. அவர் கிரீஸ் அப்பியது, வயர் இழுத்தது, சிரித்தது எல்லாம் விற்பதற்காக. அவள் சுரண்டியதும் அடைத்ததும் விற்காமல் இருப்பதற்காக. எதிரெதிர் ஊருக்குப் போகிற இரண்டு பேர், கேட்டுக்கொள்ளாமல் ஒரே வண்டியில் ஏறி, இத்தனை நாள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

மறுநாள் மெஷின் முன் உட்கார்ந்து மூடுதுணியின் கடைசி விளிம்பைத் தைத்தபோது, விற்கக் கூடாது என்று யாருக்காக நினைத்தோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அவருக்காக என்றுதான் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஜீப் போனால் அவர் உடைந்துபோவார் என்று. ஆனால் அவர் விற்கச் சொல்கிறார். முதல் நாளிலிருந்தே அதைத்தான் சொல்கிறார். அப்படியானால் வேண்டாம் என்கிற இந்தப் பிடிவாதம் யாருடையது?

கல்யாணமான புதிதில் ஒரு பொட்டல் வெளியில் அவர்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஸ்டியரிங்கின் நடுக்கம் மணிக்கட்டு வழியாகத் தோள்வரை ஏறியது இன்னும் அவள் கையில் இருக்கிறது. லைசென்ஸும் எடுத்தாள். அப்புறம் குழந்தை, தையல், வீடு. ஓட்டத்தான் அவர் இருக்கிறாரே. ஆனாலும் அவள் லைசென்ஸைக் காலாவதியாக விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் புதுப்பித்துக் கொண்டுவந்து புடவைகளுக்கு அடியில் வைப்பாள். "அலமாரி டிரைவர்" என்று அவர் கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எதற்குப் புதுப்பிக்கிறாய் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது பதில் தெரிந்தது. தெரிந்ததும் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. தன் ஆசைக்கு அவர் சட்டையைப் போட்டு, இத்தனை நாள் நடமாட விட்டிருக்கிறாள்.

தேனீக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். குனிந்து, தட்டி, அசைத்துப் பார்த்தார். துண்டு துண்டாகத் தைத்த மூடுதுணியைத் தடவி, யார் கைவேலை என்று விசாரித்தார். எங்கள் வீட்டில்தான் என்று கணவர் பெருமையாகச் சொன்னார். இரண்டையும் பூட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா என்று வந்தவர் கேட்க, கணவர் சாவியை எடுக்க உள்ளே திரும்பினார். ஆணியில் சாவி இல்லை. அவள் கையில் இருந்தது.

"இத விக்கல" என்றாள். குரல் தழுதழுக்கும் என்று பயந்திருந்தாள். தழுதழுக்கவில்லை.

"என்ன வெளையாடுற? வெச்சிக்கிட்டு என்ன பண்றது? யாரு ஓட்டுறது?"

"நான்."

தேனீக்காரர் நாசூக்காகத் தள்ளிப்போய் டயரைப் பார்க்கத் தொடங்கினார்.

தூரத்தில் இருக்கிறவர்கள் சீட்டைக் கழற்றிக்கொண்டு இங்கே வர முடியாமல் வேறு ஆளிடம் போவதையும், மெஷினை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு அவர்கள் இடத்துக்கே போய் அளந்து தைக்க முடியும் என்பதையும் அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல, இதையெல்லாம் எப்போது யோசித்தோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. கடைசியில், "மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு" என்றாள்.

அவர் ஜீப்பின் பக்கம் திரும்பினார்.

"தெனம் அது நிக்கறத பாக்க முடியலடி" என்றார் மெல்ல. "அதுக்குத்தான் விக்கச் சொன்னேன்."

இதை அவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறாள். அதைப் போர்த்தி அவர் கண் முன்னாலேயே வைத்திருந்தது தான்தான் என்று அவளுக்கு உறைத்தது.

மனசு மாறினால் சொல்லி அனுப்புங்கள் என்று தேனீக்காரர் கிளம்பினார். போகிறபோது, பெட்டிகளை மூட இதே மாதிரி துணி தைக்க முடியுமா என்றும் கேட்டுவைத்தார்.

வந்தவர் போனதும் இருவரும் சேர்ந்து டிரெய்லர் வளையத்தை ஜீப்பின் கொக்கியில் மாட்டினார்கள். கணவர் பழக்கத்தில் ஓட்டுகிறவர் பக்கம் போய்க் கதவைத் திறந்தார். நின்றார். பிறகு முன்பக்கமாகச் சுற்றி மறுபுறம் வந்து, ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. அவள் சாவியைத் திருகினாள். ஜீப் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. பின்னால் டிரெய்லர் கடகடத்துக்கொண்டு கூடவே வந்தது.

தெருமுனைவரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கியர் மாற்றிய விதத்தில் அவருக்கு நிச்சயம் நாலு குறை தெரிந்திருக்கும். திருப்பத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, அவர் 'ஸ்ஸ்' என்று எழும்பி, கையால் சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"என்னடி இது, ஸ்பிரிங்கு இப்படிக் குத்துது?"

"அது ரொம்ப நாளா அப்படித்தான்."

"இவ்ளோ வருஷமா இதுலயா உக்காந்து வந்த? ஏன் ஒரு வார்த்த…"

பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் அவர் மறுபடியும் ஒருமுறை சீட்டைத் தடவி, குத்துகிற இடத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"வலிச்சுதா?" என்று கேட்டார்.

"ம்" என்றாள். "நெறைய."