நாலாவது பீப்பாய்

பட்டுக் கைலியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு சீனி முகம்மது ஈரப் புல்லில் ஓடினார். பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமானத் திடலில் விமானம் உறுமிக்கொண்டு நின்றது. பதினொரு மணிக்குக் கோலாலம்பூரில் மகள் ரோஹானாவுக்கு நிக்காஹ். பெண்ணைக் கொடுக்க வேண்டிய வாப்பா இங்கே மூடுபனியில் கிடந்து அல்லாடுகிறார்.

"தம்பி, கொடியக் காட்டித் தொலைங்களேன்!"

பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கியிருந்த குமாஸ்தா கதிர்காமநாதன் அசையவில்லை. "பொறுங்கோ முதலாளி. ஓடுபாதை ஓரத்திலை நாலு வெள்ளைப் பீப்பாய். நாலும் இங்கையிருந்து தெரிஞ்சால்தான் கொடி. இப்ப மூண்டுதான் தெரியுது."

விடிந்ததிலிருந்து இதே பாட்டு. ஆறரைக்கு ஒரு பீப்பாய், ஏழரைக்கு இரண்டு, எட்டுக்கு மூன்று. அதோடு சரி. வெள்ளைக்கார விமானியோ, ஒன்பதுக்குள் கொடி விழாவிட்டால் இன்று பயணமே இல்லை என்று சொல்லிவிட்டார். மணி எட்டு ஐம்பது.

"அதுக்கு அங்கிட்டு தென்ன மரமே தெரியுதுலா! கண்ணு அவிஞ்சா போச்சு?"

"தென்னையும் தெரியுது, அதிலை இருக்கிற காகமும் தெரியுது. சட்டத்திலை பீப்பாய் எண்டுதான் எழுதியிருக்கு."

நேற்றே ரயில் ஏறியிருக்கலாம். ஆகாயத்திலிருந்து இறங்கிச் சம்பந்தி வீட்டாரை வாய் பிளக்க வைக்கும் ஆசை யாரை விட்டது? திடல் வேலியை ஒட்டிய மச்சான் வீட்டில் பினாங்குச் சொந்தங்களுக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டு, அங்கேயே தங்கியும் விட்டார்.

"நானே போய்த் தொட்டுக் காட்டுறேன், இருங்க!"

மூன்றாவது பீப்பாயைத் தாண்டி ஓடினார். மூச்சு வாங்கியது. நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் புல் பழுத்துப்போன ஒரு வட்டம்தான் இருந்தது.

"எந்தக் களவாணிப் பய தூக்கிட்டுப் போனான்? கையில மாட்டட்டும், தோல உரிக்கிறேன்!"

வேலிக்கு அந்தப் பக்கம், விருந்துக்குச் சமைத்த காமாரியா அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"என்ன முதலாளி தேடுறீங்க? வெள்ளப் பீப்பாயா? இதோ, கொல்லையிலதான் நிக்குது."

"அங்க எப்படிப் போச்சு?"

"நல்லா கேட்டீங்க போங்க! கை கழுவத் தண்ணி வைக்கப் பாத்திரம் பத்தலன்னு நேத்து சொன்னேன். 'திடல்ல ஒண்ணு சும்மாதானே கெடக்கு, உருட்டிட்டு வா'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"