முன்பக்கம் திறக்காத சட்டை

அந்த நாடகக் குழுவின் உடையறையில் துணி வெட்டுவது அவள் வேலை. கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கியதால் எல்லோரும் அவளை ‘டேப்பு’ என்றே கூப்பிட்டார்கள். நடிகைகளில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். அதனால் அவள் குருவி. “அவளுக்கு மூச்சிரைப்பு இருக்கு. நீ கூடவே இருக்கேன்னுதான் நடிக்க விட்டேன், பாத்துக்கோம்மா” என்று மாமியார் சொல்லியிருந்தார்.

புது நாடகம் ஒரு பழைய அரண்மனைக் கதை. அதில் ராணியாக வரும் குருவிக்கு, இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் எஃகுப் பட்டை வைத்த சட்டை வேண்டும். பழங்கால உடைகள் பற்றிய ஒரு புத்தகத்தில் அதன் வெட்டுப்படம் இருந்தது. யாரோ ஒருவர் அசல் சட்டையை அங்குலம் அங்குலமாக அளந்து, உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, கட்டங்களின் மேல் வரைந்திருந்தார். சின்னக் கட்டம் ஒன்று, நிஜத்தில் ஓர் அங்குலம்.

டேப்பு மேசை நிறையப் பழுப்புத் தாளை விரித்து அங்குலக் கட்டங்கள் போட்டாள். புத்தகத்தில் கோடு எந்தக் கட்டத்தை எங்கே தொடுகிறதோ, பெரிய தாளிலும் அங்கேயே ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் வளைவு. சின்னப் படத்தில் மயிரிழை பிசகினால் பெரியதில் விரல் பருமன் பிசகும் என்பதால், மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். எப்போதோ செத்துப்போன ஒரு சீமாட்டியின் அக்குளும் விலாவும் இடுப்பும் ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்து வந்தன. பிறகு குருவியின் உடம்புக்கு ஏற்றபடி விலாப் பக்கம் கொஞ்சம் கூட்டினாள்.

முன்பக்கத் துண்டின் ஓரமாகப் பொடிப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. அச்சுப் பிசிறு என்றுதான் முதலில் நினைத்தாள். பெரிதாக்கியதும் புரிந்தது: கொக்கி மாட்டும் இடங்கள். பின்னால் கயிறு, முன்னால் கொக்கி. இரண்டு பக்கமும் திறக்கும் சட்டை.

இயக்குநர் தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “முன்னாடி பூரா பூவேலை வரணும். நடுவுல கொக்கி வந்தா கெட்டுடும். ஒரே துண்டா வெட்டிடுங்களேன்.”

“பின்னாடி மட்டும் திறந்தா அவளாக் கழட்ட முடியாது சார்.”

“அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே!”

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வெட்டினாள்.

சட்டையைப் போட்டுப் பார்த்த அன்று மதியம், உடையறையில் அவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் மேலே மேடையில் முரசு ஒத்திகையில் இருந்தார்கள். டேப்பு பின்னாலிருந்து கயிற்றை இழுத்து இறுக்கினாள்.

“இன்னும் இழு அண்ணி. ராணின்னா சும்மாவா?”

“போதும்டி, எலும்பு முறிஞ்சிடும்.”

“எலும்பு மட்டும்தானே இருக்கு, இழு!”

இழுத்து முடிச்சுப் போட்டாள். குருவி கண்ணாடி முன் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. அலமாரியில் பழைய துணிகளின் தூசி. அவளுக்கு அது ஆகாது.

“அண்ணி… அவுத்துடு.”

டேப்பு அவசரத்தில் கயிற்றின் தப்பான முனையை இழுத்துவிட்டாள். முடிச்சு கல்லாக இறுகியது. நகத்தால் பிறாண்டினாள், நகம்தான் உடைந்தது. பெரிய கத்தரி சாணைக்குப் போயிருந்தது. நூல் வெட்டியின் குட்டி வாய்க்குள் அந்தக் கயிறு நுழையவே இல்லை.

“இன்ஹேலர் எங்கடி?”

குருவி மேலே கையைக் காட்டினாள். மாடியில், அவள் பையில். அவள் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லை. விலா விரிய இடமில்லை. உதடு நீலம் பாரித்தது. டேப்பு கதவைத் திறந்து, “யாராவது வாங்களேன்!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். முரசுச் சத்தத்தில் அந்தக் குரல் யாருக்கும் எட்டவில்லை. மாடிக்கு ஓடலாம் என்று திரும்பினாள். குருவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பேச்சு இல்லை, கண் மட்டும் கெஞ்சியது.

தையல் பிரிக்கும் பிளேடு மேசையில் கிடந்தது. தடித்த நைலான் கயிற்றில் அது வழுக்கியது, துணியைத்தான் கிழிக்க முடியும்.

முன்பக்கம் நடுவில், இரண்டு எஃகுப் பட்டைகளுக்கு இடையே வெறும் துணியாக ஒரு சின்ன இடைவெளி இருப்பது அவளுக்குத் தெரியும். இரும்பு ஸ்கேலைத் தோலுக்கும் துணிக்கும் நடுவில் செருகினாள். பாதி தூரம் போனது. அதற்கு மேல் போகவில்லை.

“அசையாதடி கண்ணு. அசையவே கூடாது.”

ஸ்கேல் இருந்தவரை துணிந்து கிழித்தாள். அதற்குக் கீழே பிளேடுக்கும் வயிற்றுக்கும் நடுவில் துணி மட்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பூவேலை இரண்டாகப் பிளந்தது. சட்டை விரிந்து விழ, குருவி கேவிக் கேவி மூச்சு வாங்கியபடி தரையில் சரிந்தாள். தொப்புளுக்கு மேல் ஒரு ரத்தக் கோடு பொடித்திருந்தது.

டேப்பு மாடிக்கு ஓடி இன்ஹேலரோடு வந்தாள். பின்னாலேயே ஓடிவந்த இயக்குநர், குருவியையும் கிழிந்த சட்டையையும் பார்த்து வெளிறிப்போனார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“கொக்கி வெச்சுடுங்க,” என்றார்.

“கொக்கியும் வெப்பேன். இந்த அளவுக்கு இறுக்கவும் மாட்டேன்.”

அவர் தலையாட்டினார். குருவி அண்ணியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். “அம்மாகிட்ட சொல்லாத,” என்றாள், குரல் வந்ததும் முதல் வேலையாக.

“நான் சொல்லத்தான் போறேன்,” என்றாள் டேப்பு. அன்று சாயங்காலமே சொன்னாள். மாமியார் திட்டவில்லை. குருவியின் வயிற்றில் மருந்து தடவியபடி, “நீ இல்லாட்டி?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி டேப்புக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது. கயிற்றை இழுத்ததும் அவள் கைதானே?

நாடகம் அரங்கேறியது. புதுச் சட்டையில் கொக்கிகள் விளக்கில் மின்னின. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்ததாம். டேப்பு பார்க்கவில்லை. மேடைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நின்று, குருவியின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். வசனத்துக்கு நடுவில் அவள் மூச்சு எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் டேப்பின் மூச்சு நின்று நின்று வந்தது. திரை விழுந்தது. கைதட்டல் ஓயுமுன் குருவி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“எப்படி அண்ணி?”

“நல்லா இருந்துச்சு,” என்று சொல்லிக்கொண்டே டேப்பு கொக்கிகளைக் கழற்றத் தொடங்கினாள். ஒவ்வொரு கொக்கியும் சட்டென்று விடுகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழற்றினாள். மறுநாளும் நாடகம் இருந்தது.