செதில் உதிரும் முகம்

எங்கள் அப்பா வைத்தியலிங்கம் அடிப்பதற்கு முன்னால் கத்தமாட்டார். அதுதான் கொடுமை. கத்துகிற மனுஷனிடமிருந்து ஓடித் தப்பிக்கலாம். இவர் முகத்தை அப்படியே இறுக்கிக்கொண்டு கண் கொட்டாமல் பார்ப்பார். அடுத்தது அடிதான். மாடு ஓட்டும் கம்போ, இடுப்பு பெல்ட்டோ, கைக்கு எது அகப்படுகிறதோ அது. என் தம்பி சதீஷுக்கு இடது காது இன்றைக்கும் பாதிதான் கேட்கும். அம்மா பூவம்மாளுக்கு முன்பல் ஒன்று இல்லை. என் முழங்கையில் ஒரு கோணல் இருக்கிறது. ஜாக்கெட் தைக்கிற அக்கா அளவெடுக்கும்போதெல்லாம் எப்படி வந்தது என்று கேட்பாள். மாடு முட்டியது என்பேன். பாவம் அந்த மாடு.

அதனால் எங்களுக்கு வேறெது தெரியாவிட்டாலும் அப்பாவின் முகத்தைப் படிக்கத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த முகம் இறுகியது, இறுகியபடியே நின்றுவிட்டது. காலையில் எழுந்தால் அதே முகம். சோறு தின்னும்போதும் அதே முகம். டிவியில் ஊரே சிரிக்கும் கூத்து ஓடினாலும் அதே முகம். அடி மட்டும் விழவில்லை. நிம்மதிதானே என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். ஓங்கிய கை தலைக்கு மேலேயே நின்றால் எப்படி இருக்கும்? அம்மா தட்டை வைத்துவிட்டு இரண்டடி தள்ளித்தான் நிற்பாள்.

அதே சமயத்தில்தான் அவர் முகத்தில் செதில் உதிர ஆரம்பித்தது. புருவத்தில், மூக்கோரத்து மடிப்பில், காதுக்குப் பின்னால், தலையில். அடியில் தோல் சிவந்திருக்கும். மேலே மஞ்சளாகப் பிசுபிசுவென்று பொருக்கு. சட்டைக் காலரில் தவிடு சிந்தியது போல் கிடக்கும். மார்கழிப் பனி இறங்கினால் இன்னும் மோசம். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பூச்சிமருந்து அடித்த கையை முகத்தில் வைத்ததால் என்றார் ஒருவர். நாகதோஷம் என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுச் செவ்வந்தி, "அந்தாளு செஞ்ச பாவம் தோலு வழியா வெளிய வருது வானதி" என்றாள். மற்ற எதையும் நான் நம்பவில்லை. இதை மட்டும் நம்ப எனக்கு ஆசையாக இருந்தது.

அம்மாவின் கட்சி உடம்புச் சூடு. சனிக்கிழமை தவறாமல் மிளகு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, உச்சந்தலையிலிருந்து புருவம் வரை வழிய வழியத் தேய்த்து ஊறவைப்பாள். செதில் கூடியது. எண்ணெயைக் கூட்டினாள். செதில் இன்னும் கூடியது.

சதீஷ் சிங்கப்பூரிலிருந்து பொங்கல் லீவுக்கு வந்தான். நிலத்தைத் தியாகராசன் மாமாவுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டால் அப்பா ஓய்வாக இருக்கலாம் என்பது அவன் எண்ணம். ஆனால் அதை அவரிடம் சொல்ல வேண்டுமே. முப்பது வயது ஆம்பளை, அங்கே கிரேன் ஓட்டுகிறவன், ஒரு ராத்திரி வீட்டுக் கூடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, இந்த அறுப்போட நிலத்தக் குத்தகைக்கு விட்டுரலாம்ப்பா."

அப்பா பார்த்தார். கண் சிமிட்டவில்லை. சதீஷ் இரண்டாம் தடவை சொல்லிவிட்டு, அவர் எழுந்திருக்குமுன் கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

"வெட்டுவாருக்கா," என்றான் என்னிடம். "அந்தப் பார்வ எனக்குத் தெரியும்."

மறுநாள் காலை வயலில் தண்ணீர் வடியவில்லை. ஈரம் இருந்தால் அறுப்பு மிஷின் இறங்காது. சதீஷ் மண்வெட்டியோடு வடிவாய்க்காலை வெட்டிவிடப் போனான். நான் டீ எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வாய்க்காலை நெருங்கும்போது எதிர்ப்பக்க வரப்பில் அப்பா வந்தார். கையில் அரிவாள்.

முன்னுக்குக் குனிந்து, குட்டிக் குட்டி அடியாக வைத்து வந்தார். வரவர வேகம் கூடியது. அரிவாள் பிடித்த கை வீசவே இல்லை, உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் அதே முகம்.

"அங்கேயே நில்லுப்பா!" என்று சதீஷ் கத்தினான்.

நிற்கவில்லை. வேகம் இன்னும் கூடியது. "நில்லுன்னு சொல்றேன்ல!" என்றவன் குரல் பத்து வயதுப் பையனுடையது. அப்பா கிட்டே வந்துவிட்டார். சதீஷ் மண்வெட்டியைத் திருப்பி ஓங்கி அடித்தான். ஒரு அடி நெற்றியில். தேங்காய் உடைகிற சத்தம். அவர் மடங்கும்போதே இன்னொன்று தோளில். சேற்றில் குப்புற விழுந்தார். சதீஷ் மூன்றாவதுக்கும் ஓங்கினான். நான் டீத்தூக்கை அவன் முகத்தில் விட்டெறிந்தேன். சூடு பட்டுத்தான் அவன் நின்றான்.

அப்பாவைப் புரட்டினோம். ரத்தமும் சேறும் வழிந்தன. அரிவாளை மட்டும் கை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன்.

திருவாரூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் மர்யம் என்று ஒரு அம்மா தையல் போட்டார். எலும்பு தப்பியது. "அடிபட்ட கேஸு. போலீஸ் வருவாங்க, யார் அடிச்சதுன்னு அவர்தான் சொல்லணும்" என்றார். வாசலில் நின்ற சதீஷ் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். கேஸ் ஆனால் சிங்கப்பூர் இல்லை, ஜெயில்தான். அப்பா வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் அவன் வாழ்க்கை தொங்கியது.

டாக்டர் கட்டுப் போட்டு முடித்தவர் போகவில்லை. அப்பாவின் புருவத்தையும் மூக்கோரத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷமா," என்றாள் அம்மா. "ஒட்டிக்குமா டாக்டர்? சனிக்கெழம சனிக்கெழம எண்ணெ வச்சுத்தான் பாக்குறேன்."

"ஒட்டாதும்மா. இது அழுக்கும் இல்ல, தோஷமும் இல்ல. எல்லார் தோல்லயும் ஒரு பூஞ்ச இருக்கு. எண்ணெப் பிசுக்கு இருக்கிற எடத்துல அது பெருகும், சில பேரு ஒடம்பு அதத் தாங்காது. நீங்க வைக்கிற எண்ணெ அதுக்குத் தீனி. பனி, கவல, தூக்கமில்லாதது எல்லாம் கெளப்பிவிடும்." அப்பாவின் முகத்தை இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார். "சில நரம்பு வியாதிலயும் இது ரொம்ப வரும். இவரு சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?"

நான் சிரித்துவிட்டேன். கெட்ட சிரிப்பு. "எப்பவுமே சிரிச்சதில்லீங்க."

டாக்டர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அப்பாவின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டிக் காட்டச் சொன்னார். விரல்கள் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஒட்டிக்கொண்டன. மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். நடை எப்படி என்று கேட்டார். நான் வரப்பில் பார்த்ததைச் சொன்னேன்.

"செதில வச்சு மட்டும் சொல்ல முடியாது. ஆனா எல்லாத்தையும் சேத்துப் பாத்தா பார்க்கின்சன் மாதிரி தெரியுது. தஞ்சாவூர்ல நரம்பு டாக்டர்ட்ட காட்டுங்க. இதுல மொகம் அசையாது, கண்ணு சிமிட்டாது. நடக்க ஆரம்பிச்சா நிறுத்த முடியாம வேகம் புடிக்கும். அவரு மொறைக்கலம்மா. அவரால முடியல."

இரண்டு வருஷம். வராத அடிக்கு இரண்டு வருஷம் பயந்திருக்கிறோம். ஆத்திரமாக வந்தது. அவர் மேலா, நோய் மேலா, எங்கள் மேலா, தெரியவில்லை. ஆனால் என் முழங்கைக் கோணல் நோயால் வந்ததில்லை. அதையும் நான் மறக்கத் தயாராக இல்லை.

போலீஸ்காரர் வந்தார். "ஐயா, யாரு அடிச்சது?"

அப்பா சதீஷைப் பார்த்தார். அதே பார்வை. சதீஷ் தலை குனிந்து கும்பிட்டபடி நின்றான். அந்த முகத்தில் என்ன இருக்கிறதென்று அன்று எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.

"மவன்தான்," என்றார் அப்பா. தாழ்ந்த, ஏற்ற இறக்கமில்லாத குரல். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "குத்தகைக்கு விட்டுக்கடான்னு சொல்லத்தான் போனேன். ராத்திரி சொல்ல வாய் வரல. புல்லறுத்த அருவா கையோட இருந்துச்சு. பய பயந்துட்டான் சார். இந்த மூஞ்சிக்கு அவன் சின்னப் புள்ளேருந்து பயப்படுவான். அப்படி வளத்துட்டேன். கேஸெல்லாம் வேணாம்."

போலீஸ்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "குடும்பத்துக்குள்ளயே பேசித் தீத்துக்குங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

தஞ்சாவூர் டாக்டரும் அதையே சொன்னார். மாத்திரை ஆரம்பித்தது. செதிலுக்கு ஒரு ஷாம்பு. அம்மா எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றினாள். தையல் பிரித்த பிறகு, தானே தேய்த்துவிடுவதாகச் சதீஷ் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கிணற்றடியில் அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்தான். உள்ளங்கையில் ஷாம்பை ஊற்றிக்கொண்டு, தலைக்கு மேலே கையைத் தூக்கினான்.

அப்பா சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார். தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. முகத்தில் ஒன்றுமே இல்லை. உடம்பு மட்டும் சுருண்டிருந்தது. அந்தச் சுருளல் எனக்குத் தெரியும், சதீஷுக்கும் தெரியும்.

அவன் கையைக் கீழே இறக்கினான். ஷாம்பு விரலிடுக்கில் ஒழுகியது.

"அடிக்க மாட்டேம்ப்பா," என்றான்.

அந்த வீட்டில் அந்தச் சொல்லை ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.