காலி வண்டியின் வேகம்

எங்கள் லாரி யார்டில் ஒரு வழக்கம் உண்டு. வேகக் கேமராவில் சிக்கிய லாரிக்குத் தபாலில் சீட்டு வரும். அன்று ஓட்டியவர் யார் என்று கம்பெனி எழுதி அனுப்ப வேண்டும். உண்மையில் ஓட்டியது யார் என்று எங்களில் யாரும் பார்ப்பதில்லை. யாருடைய லைசென்சில் கரும்புள்ளி குறைவு என்றுதான் பார்ப்போம். அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான். மூன்று புள்ளி விழுந்தால் லைசென்ஸ் போய்விடுமே, அதற்காக.

இருபத்திரண்டு வருடமாக நான் கான்கிரீட் லாரி ஓட்டுகிறேன். ஒரு புள்ளிகூடக் கிடையாது. அதனால் என் மச்சினன் ஓட்டிய வண்டிக்குச் சீட்டு வந்த அன்று எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவனுக்கு ஏற்கெனவே இரண்டு.

"மாமா, உங்க லைசென்ஸ் புதுப்பொண்ணு மாதிரி இருக்கு. ஒரு பொட்டு வெச்சா ஒண்ணும் ஆகாது" என்றான்.

வீட்டில் அவன் அக்கா, என் மனைவி, தட்டில் சோறு வைத்தபடி, "அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா" என்றாள். மறுநாள் கையெழுத்துப் போட்டேன்.

அபராதச் சீட்டு வரும் என்று இருந்தேன். கோர்ட்டிலிருந்து அழைப்பாணை வந்தது.

கோர்ட் வராந்தாவில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். மச்சினன் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். வக்கீல் காகிதத்தைப் புரட்டினார்.

"வேக வரம்பை விடப் பத்து, இருபது கூடப் போனா வெறும் அபராதம். கட்டினா முடிஞ்சுது. நீங்க நாப்பதுக்கு மேல கூடப் போயிருக்கீங்க. அதுவும் பள்ளிக்கூட ரோடு. ஆபத்தா ஓட்டினதுன்னு குற்ற வழக்கு ஆக்கிட்டாங்க. ஒத்துக்கிட்டா ஆறு மாசம் லைசென்ஸ் முடக்கம். குற்றவாளின்னு பதிவும் ஆகும்."

"நான் ஓட்டலைன்னு சொன்னா?"

"அப்ப இந்தக் கையெழுத்து யாரோடது? பொய்யா எழுதிக் குடுத்தது இதைவிடப் பெரிய வழக்கு. ஓட்டினவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீங்க. குடும்பத்தோட வந்து நிக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

லைசென்ஸ் இல்லாதவனுக்கு எங்கள் யார்டில் ஒரே வேலைதான் இருக்கிறது. லாரியில் கான்கிரீட் கலக்கும் டிரம்முக்குள் இறங்கி, காய்ந்து ஒட்டிய கான்கிரீட்டைச் சுத்தியலால் உடைத்து எடுப்பது. ஓட்டுநர் ஆவதற்கு முன் எட்டு வருடம் அந்த வேலைதான் செய்தேன். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. வெளியே வந்தபின்னும் காதுக்குள் சுத்தியல் அடித்துக்கொண்டே இருக்கும். அப்போது வயது இருபத்தைந்து. இப்போது முழங்கால் படியேறவே யோசிக்கிறது.

என்னைக் கூப்பிட்டார்கள். நீதிபதி நடுத்தர வயது அம்மா. அவரும் களைத்துத்தான் இருந்தார். எனக்கு முன்னால் முப்பது பேரைப் பார்த்திருப்பார்.

"ஓட்டினது நீங்கதானே?"

மச்சினன் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"ஆமாங்கம்மா."

அவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தப்பு இல்ல. அன்னைக்கு மட்டும் என்ன? லோடு இறுகிடும்னு அவசரமா?"

ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவரே, "காலி வண்டின்னு போட்டிருக்கே" என்றார். "யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க. குறைக்க முடியுமான்னு பாக்கறேன்."

நல்ல மனுஷி. எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கதவு வழியாகப் போக என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று அந்த ரோட்டில் என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது.

"காரணம் ஒண்ணும் இல்லைங்கம்மா."

பேனாவைத் திறந்தார். ஆறு மாதம்.

வெளியே படிக்கட்டில் மச்சினன் என் பின்னாலேயே இறங்கினான். கண் கலங்கியிருந்தது. "மாமா, தெய்வம் மாமா நீங்க" என்றான்.

"அதை விடு. ஏன்டா அவ்வளவு வேகமாப் போன?"

யோசித்தான். பொய்யாக இல்லை, உண்மையாகவே யோசித்தான்.

"தெரியல மாமா. ரோடு காலியா இருந்துச்சு."

"பள்ளிக்கூட ரோடுடா அது!"

"அன்னைக்கு லீவு மாமா. கேட்டுல பூட்டு தொங்குச்சு. ஒரு குழந்தை இல்ல."

நின்றுவிட்டேன். "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா உள்ள சொல்லியிருப்பேனேடா!"

"நீங்க கேக்கவே இல்லையே மாமா."

கேட்கவில்லைதான். கையெழுத்துப் போடும்போது எங்கள் யார்டில் யாரும் அதைக் கேட்பதில்லை. லைசென்சுக்குப் பதிலாகக் கொடுத்த ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊருக்கு எந்த பஸ் போகும் என்று அவனிடம் கேட்டேன்.