ஏழாவது ஆள்

அந்த ரயில் நிலையத்துக்கு வெளியே போக ஒரே வாசல்தான். அங்கே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் இருப்பவர்களைப் பிடிப்பதற்காக அரசாங்கம் அவரை அங்கே நட்டு வைத்திருந்தது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் உள்நாடா வெளிநாடா என்று சொல்லிவிடுவாராம். அதை அவரே சொல்லிக்கொண்டதுதான், வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்கள் அவருக்குக் கழுகு என்று பேர் வைத்திருந்தார்கள்.

கழுகு தினமும் காலை ஏழே முக்காலுக்குத் தவறாமல் நிறுத்துகிற பெண் ஒருத்தி உண்டு. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவள். அவள் குடும்பம் நாலு தலைமுறையாக இதே ஊர். அந்த நிலையத்துக்குக் கூரை போட்டவர்களில் அவள் தாத்தாவும் ஒருவர். ஆனால் கூரையைப் பார்த்தா கழுகு முடிவு செய்யும்? அவளுடைய கறுப்பும் சுருட்டை முடியும் அதற்கு ஒத்துவரவில்லை. "கார்டை எடும்மா" என்று கை நீட்டிவிடும்.

அவளுக்குப் பத்தடி பின்னால் அவள் கணவர் வருவார். லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். எட்டு வருடங்களுக்கு முன்னால் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலை அனுமதியோடு வந்தவர். அந்த அனுமதி காலாவதியாகி மூன்று வருடம் ஆகிவிட்டது. இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியவர் என்ற முறையில் போட்ட விண்ணப்பம் ஏதோ ஓர் அலமாரியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சட்டப்படி கழுகு பிடிக்க வேண்டிய ஆள் அவர்தான். ஆனால் மனிதர் நல்ல சிவப்பு, எடுப்பான மூக்கு, வழித்துச் சீவிய தலை. அவரைக் கண்டால் கழுகு, "வணக்கம் சார், லிஃப்ட் எல்லாம் ஓடுதா?" என்று குசலம் விசாரிக்கும்.

ஒருநாள் கழுகு அவரிடம் மனம்விட்டே பேசியது. பையைக் குடைந்துகொண்டிருந்த அவளைக் கண்ணால் காட்டி, "எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்துடறாங்க சார். நம்மள மாதிரி ஆளுங்கதான் பார்த்துக்கணும்" என்றது.

"ஆமாமா, கஷ்டம்தான்" என்றார் அவர். வேறென்ன சொல்வார்? அன்று மாலை வீட்டில் அவரோடு பேசுவதற்கு ஆளே இல்லை.

இதில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். அவள் எப்போதும் முன்னால் போவாள். கழுகு நிறுத்தும். கார்டு எங்கே இருக்கிறதென்று நன்றாகத் தெரிந்தும், பையில் உள்ள சீப்பு, சாவிக்கொத்து, டிபன் டப்பா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைப்பாள். கழுகின் கவனமெல்லாம் டிபன் டப்பாவில் இருக்கும்போது அவர் நழுவிப் போய்விடுவார். மூன்று வருடமாக இப்படியே ஓடியது. கணவனுக்காகப் பெண்கள் எத்தனையோ செய்கிறார்கள், இவள் தன் நிறத்தையும் முடியையும் கொடுத்தாள்.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ஒரு நாள் கழுகின் கருவி அவளுடைய கார்டைப் படிக்க மறுத்தது. நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அப்பா பேர், தாத்தா பேர், படித்த பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் கேட்டு முடித்த கழுகு கடைசியில் பாராட்டும் தோரணையில், "பாஷை நல்லாப் பேசறியே, எங்க கத்துக்கிட்ட?" என்றது.

"எங்கம்மா மடியில" என்றாள்.

அன்று ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டிய துணி தாமதமாகி, பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் அவளைச் சத்தம் போட்டார். பதினாறு வருட வேலையில் முதல்முறை. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இதை நான் சும்மா விடப்போறதில்ல" என்றாள்.

"விடக்கூடாது" என்றார் கணவர். இதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். சொன்னவர் அவர்.

நகரசபையில் அப்போது இந்தச் சோதனைகளைப் பற்றிப் பொது விசாரணை நடந்துகொண்டிருந்தது. அவள் பேசுவதாகப் பேர் கொடுத்தாள். மனுவை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவர் கணவர். இரண்டு நாள் அவளை அடுக்களையில் நிற்க வைத்து, நேரம் பார்த்து, "இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்து, அப்பத்தான் உறைக்கும்" என்று ஒத்திகை பார்த்தவரும் அவரே. தான் உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்டும் கத்தியைத் தானே தீட்டி மெருகு போட்டுக் கொடுத்தார் மனிதர்.

விசாரணையில் கூட்டம் தாங்கவில்லை. இரும்புக்கடை முதலாளி ஒருவர் எழுந்து, "அப்போ திருட்டுத்தனமா வந்தவங்களைப் பிடிக்கவே கூடாதா? வீடுன்னா கதவு வேண்டாமா? தப்பு பண்ணாதவங்க கார்டைக் காட்டிட்டுப் போக வேண்டியதுதானே, ரெண்டு நிமிஷம்!" என்றார். பாதிக் கூட்டம் கை தட்டியது. அடுத்து ஒரு பேராசிரியர் இருபது நிமிடம் பேசினார். எந்தப் பக்கம் பேசினார் என்பது உட்கார்ந்த பிறகும் யாருக்கும் விளங்கவில்லை.

பிறகு அவள் எழுந்தாள். கணவர் எழுதிக் கொடுத்த தாளை மடித்துவிட்டாள்.

"கதவு இருக்கட்டும். கதவு மேல எனக்குக் கோபமில்ல. நான் வீட்டுக்குள்ளயே பிறந்தவ. என்னை ஏன் தினம் வாசல்ல நிறுத்தறீங்க?" என்றாள். "எங்க சலவைக்கூடத்துல ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் துணி வெளுத்து வருது. கறை போச்சான்னு எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்க முடியாது. அதனால ஏழாவது துணியை எடுத்துப் பார்ப்போம். பச்சையோ வெள்ளையோ, புதுசோ கிழிசலோ, ஏழாவது எதுவோ அது. பார்த்தா அழுக்கா இருக்கேன்னு எடுக்க ஆரம்பிச்சா, வெள்ளையா இருக்கற துணியில ஒட்டின கிருமி நேரா நோயாளிகிட்டப் போயிடும். துணிக்கு இருக்கற நியாயம் மனுஷனுக்கு வேண்டாமா?"

பின்வரிசையில் தாடி வைத்த பஸ் டிரைவர் ஒருவர் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். கழுகு தினமும் நிறுத்துகிற இன்னொரு ஆள் அவர். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். விசாரணைக் குழுவுக்கும் வேலை மிச்சமாயிற்று. வரும் திங்கட்கிழமை முதல் அந்த நிலையத்தில் ஏழாவது ஆளை மட்டுமே நிறுத்த வேண்டும், முகத்தைப் பார்த்து யாரையும் நிறுத்தக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது.

உத்தரவு வந்த அன்று இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அவர் இனிப்பு வாங்கி வந்தார். அவள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். மிச்சத்தை இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"ஏழாவது ஆள்னா... அது யாரா வேணா இருக்கலாம் இல்ல?"

"ஆமா. அதானே நியாயம்" என்றாள்.

"நானாக்கூட இருக்கலாம் இல்ல?"

அவள் இனிப்பைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள். இவ்வளவு பெரிய விஷயம் இரண்டு பேரில் ஒருவர் மண்டைக்குக்கூடவா எட்டாமல் போகும்? எட்டவில்லை. கோபத்தில் இருக்கிறவர்களுக்குக் கூட்டல் கழித்தல் வராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாரமே அலமாரியில் தூங்கிய விண்ணப்பம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த வியாழக்கிழமை காலை எட்டரைக்குக் கடைசி விசாரணைக்கு அவர் நேரில் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. அதற்குள் பிடிபட்டால் விண்ணப்பம் தானாக ரத்தாகும். நேரே தடுப்பு முகாம், அங்கிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம்.

முதுகு வலி என்று சொல்லி லிஃப்ட் கம்பெனியில் லீவு போட்டார். முதல் நாள் வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டார். இரண்டாம் நாள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்தார். மூன்றாம் நாள் அதைச் சேர்த்தபோது இரண்டு திருகாணி மிச்சம் வந்தது. அவளோ தினமும் வாசலைத் தாண்டும்போது ஒரு கண்ணைக் கழுகின் மேல் வைத்திருந்தாள். பாவம், எண்ணுவதற்கு அது மிகவும் சிரமப்பட்டது. செவ்வாய்க்கிழமை ஏழாவதாக மாட்டியவர் இரும்புக்கடை முதலாளி. "என்னைப் பார்த்தா அப்படியாய்யா தெரியுது?" என்று அவர் போட்ட கூச்சல் மூன்றாவது பிளாட்பாரம் வரை கேட்டது. ரெண்டு நிமிஷம்தானே முதலாளி என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை வந்தது. விசாரணை அலுவலகம் நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தது. பஸ்ஸில் சுற்றிப் போகலாம் என்றால் ஆற்றுப் பாலத்தில் வண்டியையே நிறுத்திப் பார்த்தார்கள். வேறு வழியில்லை, இந்த வாசல்தான்.

வரிசையில் சேருவதற்கு முன் தூண் ஓரமாக நின்று அவள் எண்ணினாள். கழுகு ஓர் ஆளைச் சோதித்து அனுப்பிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. "இப்ப" என்று அவரைத் தள்ளினாள். அவருக்கு முன்னால் ஐந்து பேர். அவர் ஆறு. அடுத்து நிற்கும் அவள் ஏழு. இதைவிடப் பத்திரமான இடம் இந்த நாட்டிலேயே கிடையாது. அவளுக்குப் பின்னால் வந்து நின்றவர், "வணக்கம்கா" என்றார். தாடிக்கார டிரைவர்.

அவள் திரும்பி அவருக்கு வணக்கம் சொன்ன அந்தக் கண நேரத்தில், கையில் இரண்டு பையோடு ஓர் அம்மாள் மூச்சிரைக்க வந்தார். "தம்பி, எனக்கு அவசரம்" என்றார். கணவருக்கு எப்போதும் மரியாதை கொஞ்சம் அதிகம்.

"முன்னாடி போங்கம்மா" என்று விலகி வழிவிட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மாள் ஆறாவதாகக் கடந்து போய்க்கொண்டிருந்தார். மேசைக்கு முன்னால் அவள் கணவர் நின்றார். ஏழு. அவர் முகம் வெளிறிவிட்டது. மடித்து வைத்த கடிதத்தின்மேல் கை போயிற்று.

கழுகு நிமிர்ந்து பார்த்தது. முகம் மலர்ந்தது.

"அடடே, சார்! மூணு நாளாக் காணோமே. போங்க போங்க, உங்களையெல்லாம் நிறுத்தினா நல்லாவா இருக்கும்?" என்று கையை வீசி அனுப்பிவிட்டு, அடுத்து நின்றவளைப் பார்த்தது. "நீ வா. ஏழு. கார்டை எடு."

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அவசரமாகப் பையைத் திறந்தாள். அப்போது பின்னாலிருந்து இடிபோல ஒரு குரல்.

"சார், அவர்தான் ஏழு! நான் எண்ணிக்கிட்டேதான் வந்தேன். அவரை ஏன் விட்டீங்க? வெள்ளையா இருக்கார்னா?" டிரைவர் வரிசையை விட்டே வெளியே வந்துவிட்டார். "அக்கா, இதுக்குத்தானே நீங்க அன்னிக்குப் பேசினீங்க? சொல்லுங்கக்கா! அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க!"

வரிசையில் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். வாசலுக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் கணவர் நின்றுவிட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்தது. மனிதர் திரும்பி வந்து உண்மையைச் சொல்லப் போகிறார். அந்த மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"இல்ல தம்பி" என்றாள் உரக்க, அவருக்கும் கேட்கும்படி. "நீங்க தப்பா எண்ணிட்டீங்க. நான்தான் ஏழு."

"அக்கா..."

"நான்தான் ஏழு."

கழுகு நாற்காலியில் சாய்ந்துகொண்டது. "பார்த்தீங்களா? அவங்களே சொல்றாங்க. எனக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும்."

அவள் கார்டை நீட்டினாள். மூன்று வருடத்தில் ஒரு நாளும் வராத கூச்சம் இன்று வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருப்பதற்காக இன்னும் வெட்கமாக இருந்தது. கணவர் மெதுவாகத் திரும்பி அலுவலகத்தை நோக்கி நடந்தார். டிரைவர் ஒன்று என்று எண்ணப்பட்டு மேசையைக் கடந்தார். அவளருகில் ஒரு நொடி நின்றார்.

"உங்களை நம்பித்தான்கா அன்னிக்கு ரெண்டு கையையும் தூக்கினேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

அன்று சலவைக்கூடத்தில் அவள் ஒவ்வோர் ஏழாவது துணியையும் இரண்டு முறை பிரித்துப் பார்த்தாள். மதியம் பன்னிரண்டேகாலுக்குப் போன் அடித்தது. உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலில் ஒன்றும் கேட்காமல், துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கிடைச்சிடுச்சு" என்றார் கணவர். "கார்டு கையில இருக்கு. இன்னும் சூடாவே இருக்கு. கேக்குதா?"

அவள் துணி மூட்டையின்மேல் உட்கார்ந்து அழுதாள். நன்றாக, மூக்கைச் சிந்தி, சத்தமாகவே அழுதாள். அவர் பொறுமையாக இருந்தார். பிறகு, "சாயங்காலம் வெளியில எங்கயாவது போகலாமா?" என்றார்.

"எங்கயும் வேண்டாம். நாளைக்குக் காலையில என்கூட வாங்க" என்றாள். "அந்த டிரைவர் தம்பி வர்ற ரயில்லயே போவோம். நான் எண்ணிச் சொல்றேன், நீங்க ஏழாவதா நில்லுங்க."

"சரி."

"அந்த ஆள் உங்களைப் போங்க சார்னு சொல்லுவான். போகக்கூடாது. கத்தணும்."

அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதே கிடையாது.

"என்னன்னு கத்தணும்?"

"நான்தான் ஏழுன்னு" என்றாள். "அந்தத் தம்பி காதுல விழற மாதிரி."