விசிறிக் கூடத்துக்கு ஒரு கழிப்பறை

வெட்டியெடுத்த கரியைக் குவித்து வைக்கும் கரிமேட்டை இன்னும் பெரிதாக்க வேண்டும் என்று சொல்லி மேலிடம் புதுச் சுரங்கத்தின் வரைபடத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது. பதிமூன்றாவது தடவை. அதை வரைந்த அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

நிலக்கரிச் சுரங்கம் என்றால் எல்லாரும் பூமிக்கு அடியில் இருப்பதைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். கீழே ஓர் ஆள் இறங்க வேண்டுமானால் மேலே என்னென்ன வேண்டும் என்பதை அவளைக் கேட்டால் தெரியும். தலைவிளக்கு வாங்க ஓர் அறை, கரி போகக் குளிக்க ஒரு கூடம், கரண்ட் ஒரு பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் வர இரண்டு தனித்தனிக் கம்பிப் பாதைகள், பணிமனை, குடிதண்ணீர், கழிவுநீர், லாரி திரும்ப இடம். அத்தனையையும் கையகல நிலத்துக்குள் அடக்கியாக வேண்டும். ஒன்றைத் தள்ளி வைத்தால் மூன்று போய் இடித்துக்கொள்ளும். கையால் வரைந்த காலத்தில் எந்நேரமும் அழித்துக்கொண்டே இருந்ததால் அலுவலகத்தில் அவளுக்கு ‘ரப்பரக்கா’ என்று பேர் விழுந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் பேர் அழியவில்லை.

கரிமேட்டுக்காகச் சாலையை நகர்த்திக்கொண்டே போனவள் வரைபடத்தின் வடக்கு மூலையில் வந்து நின்றாள். அங்கேதான் பெரிய விசிறிக் கூடம். சுரங்கத்துக்குள் இருக்கிற கெட்ட காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி அது. பதிமூன்று தடவையும் யாரும் குறை சொல்லாத ஒரே மூலை. சுவரை ஒட்டினாற்போல் இயக்குபவருக்கு ஒரு சின்ன அறை போட்டிருந்தாள். பழைய சுரங்கத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த அறையில்தான் அவள் கணவர் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு.

விசிறியின் இரைச்சலில் அவருக்கு வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காது பாதி. வீட்டில் அவள் எப்போதும் அவருக்கு இடப்பக்கம்தான் உட்காருவாள். கத்திச் சொல்லும் அளவுக்கு எது முக்கியம் என்று யோசித்து யோசித்தே அவர்கள் பேச்சு வருஷாவருஷம் சுருங்கிப்போயிருந்தது. கேஸ் தீர்ந்தது, சாவி எங்கே, மாத்திரை போட்டாச்சா. அவ்வளவுதான்.

அன்று அவள் இயக்குபவர் அறையை இழுத்து, விசிறியிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தாள். உடனே துணைமின் நிலையம் இடித்தது. அதை நகர்த்தினால் இன்னும் இரண்டு வார வேலை. இருந்தும் மாற்றியதை அப்படியே அச்செடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதை அவர் முன்னால் விரித்தாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தன் வேலையை அவரிடம் காட்டியதில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே விரலை நேரே விசிறியின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

அறையைத் தள்ளி வைத்திருப்பதை அவருடைய இடது காதருகில் சொன்னாள். கண்ணாடித் தடுப்பு, அளவுமானிகள் எல்லாம் அறைக்குள்ளேயே, சத்தம் பாதிக்குப் பாதிகூட வராது. அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு வரைபடத்தை மறுபடி மேய்ந்தார்.

“குழாய் எங்க?”

காற்றுக் குழாயைக் கேட்கிறார் என்று நினைத்து அவள் அதைக் காட்டினாள்.

“அது இல்ல. தண்ணிக் குழாய். கக்கூஸ் எங்க?”

குளியல் கூடத்தை ஒட்டி இருப்பதை அவள் காட்டினாள். அவர் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலுமாக அளந்து பார்த்தார். முந்நூற்றைம்பது மீட்டர்.

“ஃபேனை விட்டுட்டு நகரக் கூடாது. அது நின்னா உள்ள இருக்கறவங்க எல்லாரையும் மேல ஏத்தணும். மாத்தி விட ஆளும் கிடையாது. எட்டு மணி நேரம் எங்க போறது?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தினமும் அவள் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் தினமும் நிரம்பியபடியே திரும்பி வரும். இரண்டு தடவை சிறுநீரகக் கல்லுக்கு ஆஸ்பத்திரியில் படுத்தார். தண்ணீர் குடிப்பதற்குக்கூடச் சோம்பேறித்தனமா என்று அவள் வாய் ஓயாமல் திட்டினாள். அவரும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

“ஏங்க, இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“கத்திச் சொல்ற விஷயமா அது?”

அவர் வரைபடத்தை மடித்து அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு அவரே சொன்னார்: “அறையும் நல்லதுதான். ஆனா காது கொஞ்சம் கொஞ்சமா போனது எனக்குத் தெரியவே இல்ல. இது தினமும் தெரிஞ்சுது.”

திங்கட்கிழமை தலைமைப் பொறியாளரிடம் போனாள். அவரும் நொந்துபோன மனிதர்தான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, மூடிய கண்ணோடே அறை, கழிப்பறை என்று முழுவதையும் கேட்டார். ஒரே ஓர் ஆளுக்காக அவ்வளவு தூரம் குடிநீர்க் குழாயும் கழிவுத் தொட்டியுமா என்றார். மூன்று ஷிப்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று பேர் என்றாள் அவள். அந்த ஒருவர் எழுந்து போனால் உள்ளே முந்நூறு பேருக்குக் காற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றும் சொன்னாள். தீயணைப்புத் தண்ணீருக்காக எப்படியும் அந்த மூலைவரை பள்ளம் வெட்டத்தான் போகிறார்கள், குடிநீர்க் குழாயையும் அதிலேயே படுக்க வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கொண்டுபோயிருந்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். “மேடம், துணைமின் நிலையத்தைத் தொட்டா மறுபடி அனுமதி வாங்கணும். அதுக்கே ரெண்டு மாசம் ஆகும், செலவும் ரெண்டுக்கும் தாங்காது. ரெண்டுல ஒண்ணு கேளுங்க. தள்ளி இருக்கற அறையா, கழிப்பறையா?”

அவள் நின்றபடியே யோசித்தாள். காது என்றால் ஆயுசுக்கும் போவது. இதற்கு முன் யாராவது கேட்டிருந்தால் தயங்காமல் காது என்றுதான் சொல்லியிருப்பாள். இப்போது நிரம்பியபடியே திரும்பி வரும் தண்ணீர் பாட்டில்தான் கண்முன் நின்றது. பொறியாளர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்.

“கழிப்பறை சார். அறைச் சுவரையாவது ரெட்டைச் சுவரா போட்டுக்கிறேன்.”

“போட்டுக்குங்க” என்று கையெழுத்திட்டார்.

படி இறங்கும்போது ஜெயித்த மாதிரி இல்லை. முகம் தெரியாத மூன்று பேரின் காதைப் பேரம் பேசி விட்டுக்கொடுத்துவிட்டு வருவதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் குறை சொல்லவில்லை. தன் பழைய விசிறிக் கூடத்துக்கும் ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, விளக்கை அணைக்கப் போனவர் திரும்பி வந்தார்.

“கக்கூஸுக்கு ஜன்னல் வைப்பல்ல? அதை மானி இருக்கற பக்கமா வை. உள்ள இருந்தாலும் முள்ளு தெரியணும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் வரைபடத்தில் அந்த ஜன்னலைப் போட்டாள். எத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து தன் கண்மட்டத்தை அளந்து பார்த்தாள். கணவர் அவளைவிட நாலு விரல் உயரம், அதையும் கூட்டிக்கொண்டாள். வரைபடத்தைச் சரிபார்ப்பவர் வந்து, கழிப்பறை ஜன்னல் போய் இயந்திரத்தைப் பார்த்தா இருக்கும், தப்பாகப் போட்டுவிட்டீர்களா அக்கா என்று கேட்டார்.

“தப்பில்ல, அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, குளியல் கூடத்தின் வடிகாலைப் பார்க்கப் போனாள்.