சேம்பிலைப் பானையைக் கிளறியது யார்

தேங்காய்ப்பாலை அட்டைப்பெட்டியில் கட்டி எங்கள் ஊருக்கே கொண்டுவந்த மகராசியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கமாலிக்கில் எந்த வீட்டுக் கொல்லையில் நின்று கல்லை விட்டெறிந்தாலும் தென்னைமரத்தில்தான் படும். எங்கள் வீட்டில் மட்டும் பதினொரு மரம். அப்படிப்பட்ட ஊருக்கு, மணிலாவுக்கும் அந்தப்பக்கம் இருக்கிற புலாக்கானிலிருந்து பஸ் ஏறி வந்து, இறங்கியதும் இறங்காததுமாகப் பெட்டியை என் கையில் திணித்து, "தேங்காய் துருவுற கஷ்டம் உங்களுக்கு எதுக்குன்னுதான் வாங்கிட்டு வந்தேன்" என்கிறாள். உள்ளே பன்னிரண்டு பாக்கெட் தேங்காய்ப்பால். என் பெண்ணைத் தன் மகனுக்குக் கேட்டு வந்த லியோனிலா இவள்தான். இந்த லட்சணத்தில் எனக்குச் சம்பந்தியாக வேண்டுமாம்.

பெட்டியை அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டியடியில், சோப்பு வாளிக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டேன்.

அர்மிதா எங்களுக்கு ஒரே பெண். வயது முப்பத்தாறு. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இதற்கு முன்னால் இரண்டு பேர் அவளைக் கேட்டு வந்தார்கள். முதலில் வந்தவன் என் சேம்பிலைக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் எண்ணெய் ஜாஸ்தி என்றான். தேங்காய்ப்பாலில் எண்ணெய் பிரியாமல் மண்ணெண்ணெயா பிரியும் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அடுத்தவன் பாங்கில் வேலை பார்க்கிறவன். காரம் தாங்காமல் சாப்பாட்டுத் தட்டில் சர்க்கரை போட்டுக்கொண்டான். அவனிடம் நான் கேட்டதை இங்கே எழுத முடியாது. இரண்டு பேருமே திரும்பி வரவில்லை. அர்மிதா அப்போதெல்லாம் ஒன்றும் சொன்னதில்லை.

இந்தத் தடவை சொன்னாள். முந்தின நாள் காலையில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அம்மா, இது மூணாவது. இவங்களையும் நீங்க விரட்டினீங்கன்னா நானும் அவங்க கூடவே பஸ் ஏறிடுவேன். கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டேன்."

கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அவள் சட்டைக் காலரை மடித்து மடித்துத் தேய்த்தாள்.

"நான் என்னடி பண்ணப் போறேன்? சமைக்கத்தானே போறேன்" என்றேன்.

"அதுக்குத்தான் அவ பயப்படறா" என்றார் என் வீட்டுக்காரர் தாஸ்யோ. அவருக்கு எல்லாமே சிரிப்புதான்.

சனிக்கிழமை காலையில் ஐந்து தேங்காய் உடைத்தேன். துருவிப் பிழிந்து கெட்டிப்பால் தனி, தண்ணிப்பால் தனி. நீளப் பச்சைமிளகாயை அரிந்து, பன்றி இறைச்சியும் உப்பில் ஊறிய கூனி இறாலும் சேர்த்துப் பாலில் வேகவைத்தேன். மணிலாக்காரர்கள் அதற்கு ஒரு ரயிலின் பெயரை வைத்துக் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு அது மிளகாய்க் கறி, வேறென்ன. வருகிறவர்கள் சர்க்கரை இல்லாமல் எதையும் சாப்பாடு என்று ஒத்துக்கொள்ளாத கூட்டமாயிற்றே என்று இரண்டு கைப்பிடி ஊசி மிளகாயையும் அதில் கூடுதலாகப் போட்டேன். விரட்ட இல்லை. தெரிந்துகொள்ள. என் பெண் யார் வீட்டில் சாப்பிடப் போகிறாள் என்று எனக்குத் தெரியவேண்டாமா?

அதற்கப்புறம் சேம்பிலை. வெயிலில் மூன்று நாள் காயப்போட்ட இலையைக் கிழித்துப் பானையில் போட்டு, இஞ்சி, பூண்டு, மிளகாய், கருவாடு வைத்துத் தண்ணிப்பாலை ஊற்றி மூடிவிட வேண்டும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். பால் வற்றுகிறவரைக்கும் கிளறவே கூடாது. கிளறினால் இலை பழிவாங்கிவிடும். சாப்பிட்டவர்களுக்குத் தொண்டை அரித்து எடுக்கும். மேலாக அகப்பையால் லேசாக அமுக்கிவிடலாம், அவ்வளவுதான். என் வீட்டில் யார் எப்போது வந்து கிளறுவார்கள் என்று சொல்ல முடியாது என்பதால், அடுப்பில் சேம்பிலை இருக்கும்போது கொல்லைப்பக்கம் போனாலும் அகப்பையைக் கையோடு கொண்டு போய்விடுவேன். முப்பது வருஷப் பழக்கம். போலீஸ்காரர்கூடத் துப்பாக்கியை இப்படி வைத்துக்கொள்வதில்லை என்று தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் வீட்டுப் பானைதான் அரிக்கும்.

மாப்பிள்ளைப் பையன் எட்கர் வந்ததும் என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். நாற்பது வயது, முன்வழுக்கை, ஆனால் மரியாதை தெரிந்தவன். அவன் அப்பா ருபினோ பேசவே மாட்டார். வெளியே தாஸ்யோவின் சேவல்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லியோனிலாதான் சும்மா இருக்கவில்லை. புலாக்கானிலிருந்து மடித்துக் கொண்டுவந்த சமையல் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு என் அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

"மனாய், நான் என்ன செய்யட்டும்?"

மனாய் என்பது நாங்கள் அக்காவைக் கூப்பிடுகிற வார்த்தை. பஸ்ஸில் மகன் சொல்லிக் கொடுத்திருப்பான். அவள் வாயில் அது காய்ச்சல் மாத்திரையின் பெயரைப் போல இருந்தது.

"பூண்டு உரிங்க" என்றேன்.

உரித்தாள். தோல் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பானையைப் பார்த்தாள்.

"கிளறி விடணுமா?"

"தொடவே கூடாது. கிளறினா அரிக்கும்."

"அப்படியா? நாங்க கீரைன்னா கிளறிக்கிட்டேதான் இருப்போம்."

"நீங்க அப்படித்தான் இருப்பீங்க."

அவள் சிரித்தாள். குத்திப் பேசினால் சிரிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒன்று அவர்களுக்குப் புரியவில்லை, இல்லை நம்மை மதிக்கவில்லை.

"எங்க வீட்டுல அர்மிதாவோட ரூமுக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சாச்சு" என்றாள் பூண்டைப் பார்த்தபடியே. "ஜன்னல்கிட்ட ஒரு மேசை போட்டிருக்கோம், பேப்பர் திருத்தறதுக்கு. எங்க ஊர் ஸ்கூல்ல ஜூன்ல ஒரு இடம் காலியாகுது. சொல்லி வச்சிருக்கேன்."

"யாரைக் கேட்டுச் சொல்லி வச்சீங்க?"

"அர்மிதாதான் கேட்டா, மனாய். உங்ககிட்ட சொல்லியிருப்பாளே."

என்னிடம் அவள் சொல்லவில்லை. எட்கர் இங்கே வந்துவிடுவான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பின்னறையைக்கூட மனசுக்குள் காலி பண்ணி வைத்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அகப்பையால் இலையை அமுக்கிவிட்டபடியே பேசினேன். புலாக்கானில் வருஷத்தில் பாதி நாள் தெருவில் தண்ணீர் நிற்கும் என்றேன். அங்கே மீன் குழம்பில்கூடச் சர்க்கரை என்றேன். என் பெண்ணுக்கு ஈரம் ஒத்துக்கொள்ளாது என்றேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. அவள் ஒவ்வொன்றுக்கும் "ஆமாம் மனாய்" என்று சொல்லிக்கொண்டே உரித்தாள்.

அதற்கு மேல் நின்றால் என்ன சொல்வேனோ என்று எலுமிச்சம்புல் அறுக்கக் கொல்லைக்குப் போனேன், அகப்பையோடு. கொடியில் துண்டு உலர்த்திக்கொண்டிருந்த அர்மிதா பார்த்தாள்.

"அதையாவது உள்ள வச்சிட்டு வரக்கூடாதா?"

"அந்தம்மா உள்ள இருக்கா" என்றேன்.

பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மிளகாய்க் கறியை முதலில் ருபினோவுக்குத்தான் போட்டேன், நிறைய. இரண்டாவது வாயில் அவர் காது சிவந்தது. நெற்றியில் வேர்வை ஊற்றியது. மனுஷன் நிறுத்தவில்லை. "நல்லாருக்கு" என்றார், குரல் மட்டும் வேறு யாருடையதோ போல வந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

பிறகு சேம்பிலை. தாஸ்யோதான் முதலில் கரண்டியைக் கீழே வைத்தார். தொண்டையைத் தேய்த்தார். எட்கர் இருமினான். ருபினோ எல்லாம் மிளகாய்தான் என்று நினைத்து டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்தார், பாவம். அர்மிதா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். லியோனிலா மட்டும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள், கழுத்தில் சிவப்புச் சிவப்பாகத் திட்டு எழும்பியிருந்தது. நான் ஒரு வாய் எடுத்துப் போட்டேன். நாக்கின் அடியில் ஊசி ஊசியாகக் குத்தியது. முப்பது வருஷத்தில் என் பானை அரித்ததே இல்லை.

"யாரோ கிளறியிருக்காங்க" என்றேன். "நான் கொல்லைக்குப் போன நேரத்துல அடுப்பங்கரையில ஒரே ஒரு ஆள்தான் இருந்தாங்க."

எல்லோரும் லியோனிலாவைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கரண்டியை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள். "அடுப்புப் பக்கத்துல இருந்த அகப்பையை எடுத்து ஒரு சுத்து கிளறிட்டேன். மன்னிச்சிடுங்க, மனாய்."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள். ஒரு துளி இரக்கம் வரவில்லை.

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல?" என்றேன். "சொன்னா ஏறாது. பானையும் உங்களுதுன்னு நெனச்சீங்க, பொண்ணும் உங்களுதுன்னு நெனச்சீங்க. பாக்கெட்டுப் பால் வாங்கற கைக்கு அடுப்படியில என்ன வேலை?"

எட்கர் எழுந்தான். "அம்மா, வாங்க. போகலாம்."

அர்மிதாவும் எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது தோளில் பை இருந்தது. கையில் என் அகப்பை. அதைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எங்க இருந்துச்சு, அம்மா? நீங்க புல் அறுக்கும்போது?"

தாஸ்யோ தன் தட்டையே பார்த்தார். எனக்கு அப்போதுதான் கை ஞாபகம் வந்தது. ஜூன் என்று லியோனிலா சொன்ன இடத்தில் என் கை அமுக்குவதை விட்டுவிட்டது. சுற்றியது. புலாக்கானில் தண்ணீர் நிற்கும் என்றபோது சுற்றியது, சர்க்கரை என்றபோது சுற்றியது, அடிவரைக்கும் போய்ச் சுற்றியது.

"விடும்மா" என்றாள் லியோனிலா. "நான் வேற கரண்டியால கிளறியிருப்பேன்."

பொய் சொல்லக்கூடத் தெரியாத பொம்பளை. வீட்டிலிருந்த கரண்டி எல்லாம் காலையிலிருந்தே மேசையில்தான் இருந்தது.

"எங்கிட்டதான் இருந்துச்சு" என்றேன். "நான்தான் கிளறினேன். இவங்க பொய் சொல்றாங்க."

அர்மிதா பையை இறக்கவில்லை.

"ஜூன்ல போறேன்னு நீ எங்கிட்ட சொல்லல" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் என் குரல் உடைந்துவிட்டது. அதற்கும் லியோனிலாதான் காரணம்.

"சொன்னா என்ன பண்ணுவீங்கன்னு தெரியும்."

"என்ன பண்ணுவேன்?"

அவள் சேம்பிலைக் கிண்ணத்தைக் காட்டினாள். "இதைத்தான்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அரிக்கிற இலைக்கு ஒரே வழிதான் உண்டு. இன்னும் பால் ஊற்றி, எண்ணெய் பிரிகிறவரை தொடாமல் காய்ச்ச வேண்டும். ஐந்து தேங்காயும் தீர்ந்துவிட்டது. மரம் ஏறுகிறவன் சனிக்கிழமை சேவல் சண்டைக்குப் போயிருப்பான். தாஸ்யோவின் முட்டியை நம்பி ஏணிகூடப் போட முடியாது. பதினொரு மரத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குனிந்து, தொட்டியடியிலிருந்து அந்தப் பெட்டியை இழுத்தேன்.

கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி ஏழு பாக்கெட் ஊற்றினேன். சுவருக்கு அடிக்கிற வெள்ளையைப் போல இருந்தது. வாசனை என்று ஒன்றும் இல்லை. அடுப்பைக் குறைத்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. லியோனிலா. கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றாள். அவளுக்குப் பின்னால் கதவருகில் அர்மிதா, பை இன்னும் தோளிலேயே.

"நான் ஏதாவது செய்யட்டுமா, மனாய்?"

அகப்பையை எடுத்து அவளிடம் நீட்டினேன். "இதைப் பிடிங்க. பால் வத்துற வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதையும் தலைகீழாகத்தான் பிடித்தாள். நான் பானையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஜூன்ல எந்தத் தேதி?"

"கல்யாணத்தைப் பதினாலாந்தேதி வச்சுக்கலாமான்னு கேக்கத்தான் வந்தோம்."

என் கை தானாக அகப்பைக்கு நீண்டது. அவள் கொடுக்கவில்லை.

"சரி" என்றேன். கதவருகில் அர்மிதா பையைக் கழற்றித் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.